பல்லுக்காரர் எழுதிய வீடு

ஜனவரி 9

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை நான் கிளம்பிய அன்றே அடுப்புக்கும் விடுமுறை கொடுத்துவிட்டீர்களா?

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கயிற்றுக் கடை ஒன்றின் மாடியில் அறை கிடைத்திருக்கிறது. தலையணைகூடத் தார் மணக்கிறது. ஜன்னலுக்குக் கீழே படகுத்துறை. இங்கிருந்து ஆற்றை எதிர்த்துக்கொண்டே போய், அது பிறக்கிற மலை வரை எழுத வேண்டும். பதிப்பாளர் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாரும் மேலேருந்து கீழே வர்றாங்க. நீங்க தலைகீழாப் போங்க. உங்களுக்கு அதுதான் ராசி" என்றார். என் நாவல்களின் கதி அவருக்குத் தெரியும். அவருடைய கிடங்கில்தானே தூங்குகின்றன!

துறையில் பயணிகளின் பேர் எழுதுகிறவர் என் தொழிலைக் கேட்டார். "எழுதறேன்" என்றேன். "மனுவா?" என்றார். "இல்லீங்க, கதை. அப்புறம் ஊர் ஊராப் போய்க் கட்டுரை." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு 'சுற்றுலா' என்று எழுதிக்கொண்டார். இத்தனை வருஷத்து உழைப்பு ஒரே வார்த்தையில் முடிந்தது.

ஒரு உதவி கேட்கிறேன். போகிற இடத்திலெல்லாம் நான் பிறர் வீட்டைப் பார்த்து எழுதுகிறேன். நம் வீட்டைப் பற்றி எனக்கு யார் எழுதுவார்கள்? 'எல்லாரும் நலம்' என்று முடித்துவிடாதீர்கள். சமையலறை எப்படி இருக்கிறது, குழாய் இன்னும் ஒழுகுகிறதா, மாடிப்படியில் யார் உட்கார்ந்து வம்பு பேசினார்கள், அதெல்லாம் வேண்டும். பகலில் வீடு பூட்டித்தானே கிடக்கும், அதனால் வழக்கம்போல் நீங்கள் பல் செட் செய்கிற கூடத்து விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

தபால்காரர் கிளம்புகிறார். மற்றவை பிறகு.

உங்கள்
நாடோடி


ஜனவரி 31

அன்புள்ள நாடோடிக்கு,

நான் நலம். நீ நலமா? தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

எனக்குக் கடிதம் எழுத வராது என்று தெரிந்தே கேட்கிறாய். வாய் அச்சைக் கொடுத்தால் மெழுகில் பல் அடுக்கித் தருவேன். வார்த்தையை அடுக்கச் சொன்னால் கை கால் ஓடவில்லை.

போன வாரம் ஒரு பெரியவருக்கு மெழுகில் மாதிரியாகச் செய்து அனுப்பிய பல் செட் திரும்பி வந்தது. பின்னாலேயே பெரியவரும் வந்தார். "என்னங்க குறை?" என்றேன். "குறையே இல்லைய்யா, அதான் குறை. எனக்கு முன்னாடி ஒரு சந்து இருந்துச்சு. அது இல்லாம சிரிச்சா என் சம்சாரம் வேத்தாளைப் பாக்கற மாதிரி பாக்கறா." மெழுகைச் சூடாக்கி இரண்டு பல்லையும் கொஞ்சம் விலக்கி வைத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு அழுதேவிட்டார்.

வீட்டைப் பற்றிக் கேட்டாய். சமையலறையின் நீலச் சுவர் நீலமாகவே இருக்கிறது. குழாய் ஒழுகுகிறது. மாடிப்படியில் யாரும் இல்லை. போதுமா?

தெருவில் நாலைந்து பேர் நாடா பிடித்து அளந்தார்கள். சுவர்களில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்கள். சாலையை அகலமாக்கப் போகிறார்களாம். நாம் குடிவந்த நாளிலிருந்து கேட்கிற பேச்சுதானே.

இருமல் வந்தால் அலட்சியமாக இருக்காதே.

இப்படிக்கு,
பல்லுக்காரன்


பிப்ரவரி 24

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

குழாய் ஒழுகுகிறது என்பதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது. எப்படி ஒழுகுகிறது? அந்தப் பெரியவரை எவ்வளவு அழகாக எழுதினீர்கள்! வீட்டையும் அப்படி எழுதக் கூடாதா?

நான் ஒரு சரக்குப் படகில் தொற்றிக்கொண்டேன். ஓட்டுகிறவள் என் வயதுக்காரி. ஒவ்வொரு மணல்திட்டுக்கும் ஒரு கதை சொல்கிறாள். நேற்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். இன்று காலையில் தேநீர் கொடுத்துக்கொண்டே, "நேத்து சொன்னதுல பாதி பொய்ம்மா. நீ எழுதிட்டியா என்ன?" என்றாள்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ ஆசையாக் கேட்டே. இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

அத்தனையையும் அடித்தேன். கதை என்றால் வைத்துக்கொண்டிருப்பேன், இது பயணக் கட்டுரை. என் பேச்சை நம்பி யாரோ ஒருவர் நாளைக்குப் படகு ஏறுவார்.

தண்ணீருக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று நம் ஜன்னலோர மேசை ஞாபகம் வந்துவிடுகிறது. அப்போது எந்தக் கரையைப் பார்த்தாலும் அது நான் இறங்க வேண்டிய கரை இல்லை என்றே தோன்றுகிறது. முன்பு உங்கள் அப்பா படுக்கையில் விழுந்தபோது மலைப் புத்தகத்தைப் பாதியில் விட்டு வந்தேனே, அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போதும் அப்படித்தான். 'வா' என்று ஓர் எழுத்து எழுதுங்கள், அடுத்த படகில் கீழே வருகிறேன்.

எழுதுவீர்களா, மாட்டீர்கள். தெரியும்.

உங்களையே நினைத்தபடி,
நாடோடி


ஏப்ரல் 2

அன்புள்ள நாடோடிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கூடத்தில் வேலை நெரிசல். நான் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ கேட்டபடி எழுதிப் பார்க்கிறேன். காலை வெயில் நம் சமையலறையில் முதலில் தொடுவது தட்டுக் கூடையைத்தான். தட்டுகளின் விளிம்பில் பட்டு நீலச் சுவரில் வளையம் வளையமாக விழுகிறது. ஒரு தட்டை எடுத்தால் ஒரு வளையம் குறைகிறது. நீ அந்த இடத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டே என்னிடம் ஏதாவது சொல்வாய். ஒரு வார்த்தையும் புரியாது. நானும் 'ஆமாம்' என்பேன். நீ சொன்னதற்கெல்லாம் நான் சம்மதித்தது அப்படித்தான்.

குழாய்ச் சொட்டு ஒரே சீராக விழுவதில்லை. இரண்டு சேர்ந்தாற்போல் விழுந்துவிட்டு, மறந்துபோனது போல நின்று, பிறகு ஒன்று. படியேறும்போது ஐந்தாம் படி மட்டும் முனகும். உன் மேசைமேல் நான் எதையும் வைப்பதில்லை. தூசி தட்டுவதோடு சரி.

நீ நிதானமாக எழுதி முடி. இங்கே ஒரு அவசரமும் இல்லை.

அன்புடன்,
பல்லுக்காரன்


ஏப்ரல் 5

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? உன் சலவைக் கடை எப்படி நடக்கிறது? நான் நலமாக இருக்கிறேன்.

செய்தி உன் காதுக்கு வந்திருக்கும். சாலைக்காக எங்கள் வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். வாடகை வீடுதானே, வேறு பார்த்துக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்த்தேன். எந்த வீட்டில் நுழைந்தாலும் 'இங்கே அவள் எங்கே உட்கார்ந்து எழுதுவாள்' என்று யோசிப்பதற்குள் தரகர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். இப்போதைக்குப் பல் கூடத்தின் பின்னறையில் இருக்கிறேன். முதலாளி பெரிய மனசு பண்ணிக் கொடுத்தார்.

உன் அண்ணிக்கு இதைச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே திரும்பிவிடுவாள். அப்பாவுக்காக ஒரு புத்தகத்தை விட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகு எத்தனை நாள் பேனாவை மூடியே வைத்திருந்தாள் என்று உனக்கே தெரியும். இன்னொன்றையும் என்னால் விட வைக்க முடியாது. நீயும் எழுதிவிடாதே.

அண்ணன்


ஏப்ரல் 16

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. பின்னறையில் பிளாஸ்டர் தூசியில் படுத்துக்கொண்டு என்ன சுகம்? இங்கே வந்து எங்களோடு இரு என்றால் வேலை என்பாய்.

அண்ணிக்கே காது குத்தப் பார்க்கிறாயா? ஊர் ஊராகப் போய் யார் நிஜம் பேசுகிறார்கள், யார் கதை விடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவங்க தொழிலே. நேற்று இவரிடம் சொன்னேன். "உங்க அண்ணன் செய்யறது அன்புதான், ஆனா அதை அந்தம்மாகிட்டக் கேட்டுச் செஞ்சிருக்கலாம்" என்றார். எனக்கும் அதேதான்.

நான் எழுத மாட்டேன், சத்தியம். ஆனால் அண்ணி என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன்.

அந்தத் தூசிக்குச் சளி பிடிக்கும், மருந்து சாப்பிடு.

தங்கை


மே 20

அன்புள்ள பல்லுக்காரருக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? எனக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. பயப்படாதீர்கள். ஆறு குறுகிவிட்டது, எதிர்க்கரையில் இருப்பவர்களின் முகம் தெரிகிறது. பாலத்தை ஒட்டிய ஒரு விடுதியில் இருக்கிறேன். கீழே சைக்கிள் பழுதுபார்க்கும் கடை.

உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். காய்ச்சலில் கிடந்தபோது ஆற்றைப் பற்றி ஒரு வரியும் ஓடவில்லை. உங்கள் தட்டு வளையக் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே ஒரு அத்தியாயமாக எழுதினேன். இனிப் புத்தகம் முழுக்க ஓர் அத்தியாயம் ஆறு, ஓர் அத்தியாயம் வீடு. ஒருத்தி ஆற்றை எதிர்த்துப் போகப் போக, தூரத்தில் அவள் வீட்டில் குழாய் சொட்டுகிறது. பதிப்பாளருக்கு அனுப்பினேன். அவர் தொலைபேசியில் கத்தியே விட்டார். "ஆறு நல்லாருக்கு. வீடுதான் புத்தகமே! வாரப் பத்திரிகையில தொடராப் போட்டுடலாம்" என்கிறார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அடுத்தது எப்போது என்று அவர் கேட்டது இதுதான் முதல்தடவை.

ஆகவே பல்லுக்காரரே, இன்னும் எழுதுங்கள். மழை பெய்தால் எந்த மூலை ஈரமாகிறது? மேசை மேல் சாயங்கால வெளிச்சம் எதுவரை வருகிறது? நீங்கள் சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் போடுகிறேன். எல்லாம் நிஜம் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டேன்.

வீட்டு நினைவோடு,
நாடோடி


ஜூன் 29

அன்புள்ள நாடோடிக்கு,

உன் காய்ச்சல் விட்டதா? இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

முன்னுரையை நிறுத்து. அந்த வீடு இல்லை.

மார்ச் மாதமே இடித்துவிட்டார்கள். தட்டு வளையங்களைப் பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன். எழுதியது எதுவும் நடக்காததல்ல. ஆனால் எழுதிய அன்று எதுவும் இல்லை.

உன் மேசை வாசலில் நுழையவில்லை. தச்சர் அதை அறைக்குள்ளேயே வைத்துச் செய்தது எனக்கு மறந்தே போய்விட்டது. கதவைக் கழற்றினேன், அப்போதும் வரவில்லை. காலை அறுக்கலாம் என்றார்கள். மாட்டேன் என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இயந்திரம் ஓட்டுகிறவர் நல்ல மனுஷர். "அண்ணே, நீங்க இறங்குங்க. முதல்ல சுவரை எடுக்கறேன், அப்புறம் மேசையைத் தூக்கிக்கலாம்" என்றார். தெருப்பக்கச் சுவர் விழுந்ததும் அதை அலுங்காமல் இறக்கினோம். இப்போது கூடத்தில் இருக்கிறது. அதன்மேல் பல் அச்சுகள் காய்கின்றன. எதையும் வைப்பதில்லை என்று எழுதியதும் பொய்.

நீலச் சுவர் மட்டும் கொஞ்ச நாள் தனியாக நின்றது. பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் நம் சமையலறையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். எனக்கு ஒரு துணியைப் போட்டு மூடலாமா என்றிருந்தது. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

நீ 'வா' என்று எழுதச் சொன்னாய். எழுதாமல் இருப்பதற்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

பல்லுக்காரன்


ஆகஸ்ட் 8

அன்புள்ள நாடோடிக்கு,

நலமா? கடிதம் சேர்ந்ததா என்று தெரியவில்லை. விடுதிக்குத் தொலைபேசியில் கேட்டேன். "அந்தம்மா போயிட்டாங்களே" என்றார்கள். மேலேயா கீழேயா என்றேன். "படகுல" என்றார்கள். இதைப் பதிப்பாளர் மூலம் அனுப்புகிறேன், எப்படியும் உன்னைச் சேரும்.

வாரப் பத்திரிகையை வாங்கிப் பார்க்கிறேன். உன் பேர் இல்லை. கூடத்தில் யாராவது கதவைத் திறந்தால் தலை தானாக நிமிர்கிறது. ஒரு நோயாளிக்கு மேல்வரிசையை இடம் மாற்றி அடுக்கிவிட்டேன். முதலாளியே கலைத்து மறுபடி அடுக்கினார்.

திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுது. அதுவும் உன் கையெழுத்தில்தானே இருக்கும்.

பல்லுக்காரன்


செப்டம்பர் 11

பல்லுக்காரருக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று பையைக் கட்டிக்கொண்டு துறைக்குப் போனேன். கீழே போகிற படகு ஒரு பக்கம், மேலே போகிறது ஒரு பக்கம். சீட்டுக் கொடுக்கிறவர் "எங்கே?" என்றார். "வீட்டுக்கு" என்று சொல்லவே வாயைத் திறந்தேன். எந்த வீட்டுக்கு? பின்னால் வரிசையில் நின்றவர் "சீக்கிரம் சொல்லும்மா" என்றார். மேலே போகிறதில் ஏறினேன். கோபத்தில்தான் ஏறினேன்.

நீங்கள் எனக்காகச் செய்தீர்கள். சரி. ஆனால் எனக்குப் பதிலாகவும் செய்துவிட்டீர்கள். அந்தச் சமையலறைச் சுவர் தனியாக நின்றதே, அதன் எதிரில் நானும் உங்கள் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். அதன் பிறகு புத்தகத்துக்குத் திரும்பியிருப்பேனோ மாட்டேனோ, அது என் பாடு. நான் இருந்து அழ வேண்டிய இடத்தில் நீங்கள் தனியாக அழுதுவிட்டு, எனக்குத் தட்டு வளையத்தை அனுப்பினீர்கள். உங்கள் தங்கையிடம் கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை, பிளாஸ்டர் தூசி உட்பட. அதைப் படித்த பிறகு திட்டுவதற்கு வைத்திருந்ததில் பாதி கரைந்துபோனது.

பதிப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். "யாருக்குத் தெரியப்போவுது, அப்படியே போட்டுடலாம்" என்றார். முடியாது என்றுவிட்டேன். வீட்டு அத்தியாயங்களை எடுத்தாயிற்று. ஆறு மட்டும் போகும். மெலிந்த புத்தகம், ஆனால் அதில் பொய் இல்லை. எடுத்ததை நான் எறியவில்லை. இல்லாத வீட்டை ஒருவர் எழுத எழுத, தூரத்திலிருக்கிற ஒருத்தி அதில் குடியிருக்கிறாள். இது நாவல். இத்தனை வருஷம் கழித்து எனக்கு ஒரு நாவல் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் யார் பேரைப் போடுவது என்பதில்தான் சண்டை வரும்.

ஆறு பிறக்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். ஒன்றும் பிரமாதமில்லை. பாறைக்கு அடியில் கொஞ்சம் ஈரம், அதைச் சுற்றி ஆடுகளின் கால்தடம். ஒரு மர அறுவை ஆலைக்குப் பின்னால் அறை எடுத்திருக்கிறேன். நாவலை இங்கேயே எழுதி முடிப்பதாக இருக்கிறேன். ஆலைச் சங்கு ஊதியதும் எல்லோரும் அவரவர் வீட்டுக்கு நடக்கிறார்கள். நான் ஜன்னலில் நின்று அவர்கள் போவதைப் பார்க்கிறேன். தினமும் இதே வேலை.

எந்தப் பயணத்துக்கும் உங்களை நான் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் லீவு இல்லை என்பீர்கள் என்று சொல்லிக்கொள்வேன். நிஜத்தில், வந்துவிடுவீர்களோ என்று பயம். நீங்கள் வந்துவிட்டால் நான் எதை நினைத்து ஏங்கி எழுதுவது? இப்போது ஏங்கி ஏங்கி அலுத்துவிட்டது. நீங்கள் எழுதாத எழுத்தை நானே எழுதுகிறேன்.

வாங்க.

நாடோடி


அக்டோபர் 14

அன்பே,

நான் நலம் என்று எழுத முடியாது. படகு ஆடியதில் நேற்றுத் தின்றது எதுவும் தங்கவில்லை. ஆனாலும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய்?

முதலாளியிடம் லீவு கேட்டேன். "எத்தனை நாளுப்பா?" என்றார். தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பல்லு எங்கேயும் ஓடாது, போயிட்டு வா" என்றார். உன் மேசையைத் தங்கை கடைக்கு அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளை அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ரயில், பிறகு ஒரு பேருந்து, இப்போது படகு. எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நீ எப்படித்தான் இதையே தொழிலாக வைத்திருக்கிறாயோ!

தண்ணீர் குறைந்துவிட்டது. மணலில் தட்டித் தட்டிப் போகிறோம். நடுவில் ஒரு பாலத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள். மேலே போக வேறு சின்னப் படகு வந்து ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். கரையிலுள்ள தபால் பெட்டியில் இதைப் போடப் போகிறேன். நான் முந்துவேனோ இது முந்துமோ தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் இதுதான் கடைசி வளைவு என்று எழுந்து நிற்கிறேன். பக்கத்திலிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். மேலே பார்த்தால் மலை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, பக்கத்தில் வந்தபாடில்லை. நீ என்னைவிட்டு எவ்வளவு தூரம் போயிருந்தாய் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சின்னப் படகுக்காரர் வந்து ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, "மேல எதுக்குங்க? வேலையா, ஊர் பாக்கவா?" என்றார்.

"வீட்டுக்கு" என்றேன்.

"மேல வீடு இருக்கா உங்களுக்கு?"

"வீடு இல்லைங்க" என்றேன். "வீட்டுக்காரி இருக்கா."

"அப்ப ஏறுங்க" என்றார்.